எனக்கு அளவெடுத்த பச்சை மூங்கில்

கொல்லிமலைச் சந்தையில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, கூப்பிடு தூரத்தில் எனக்குப் பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பியவன் நான். சும்மா சந்தேகப்பட்டேன் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் சந்தேகம் வேறு, நம்பிக்கை வேறு. நான் நம்பினேன். கட்டுகிறவரின் கைவேலை எப்படி என்று எட்டிக்கூடப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கழி சற்றுக் கோணலாக இருந்தது. கடைசியாகப் படுக்கப் போவது, அதையாவது நேராகக் கட்டக் கூடாதா என்று மனசுக்குள் குறைபட்டுக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைக்கு பஸ் கிடையாது, ரோடும் கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கால்நடையாக ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் அடிவாரத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தலையில் முடி குறைந்து, வயிறு மட்டும் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கியிருந்த வயது.

என் மனைவி அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அவள் பிறந்த வீட்டில் மலை முறம்தான் புழங்குவார்களாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, எங்கள் ஊர் முறத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு முறத்துக்குத்தானா, எனக்கும் சேர்த்தா என்று நான் கேட்டதில்லை. மலைமேல் கூடும் சோளக்காட்டுச் சந்தைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், நிதானமாகச் சுற்றிப் பார்த்து நாலு சாமான் வாங்கிக்கொண்டு வரலாம் என்பாள். ஆடியில் காற்று என்பேன். தையில் பனி என்பேன். பங்குனியில் வெயில் என்பேன். உண்மையான காரணம் மலைக்காய்ச்சல்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மலைக்காய்ச்சலைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. மலைத் தண்ணீர் குடித்தால் வரும், மலையில் தூங்கினால் வரும், மலை மழையில் நனைந்தால் நிச்சயம் வரும் என்பார்கள். கொசுவைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவன். கிடங்கில் முதலாளியைப் போல நடந்து காட்டுவேன், அவருக்கு எதிரிலேயே. ஆனால் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டால் கை தானாக நெற்றிக்குப் போய்விடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சந்தை நாளாக அமைந்துவிட்டது. கிடங்கில் மிஷின்களெல்லாம் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு ஓய்வாக இருந்தன. எனக்கும் லீவு. கைவசம் ஒரு சாக்கும் இல்லை. விடியும் முன்பே காளப்பநாயக்கன்பட்டி வந்து சேர்ந்தோம். ஒரு சொம்பு நிறைய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், இடுப்பில் முடிந்த கற்பூரக் கட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டு என்று நான் தயாராக நின்றேன். மலையைப் பார்த்தேன். மலை என்னைப் பார்த்தது. ஏறுவதற்கு முன்பே மனைவியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன்.

"இந்தா பாரு அம்மிணி. மேல ஒரு சொட்டு மழ வந்துச்சுன்னா, சந்தையும் வேண்டாம் சாமானும் வேண்டாம். அந்த நிமிசமே கீழ எறங்கிப்புடோணும். என்ன?"

"ஆகட்டுங்க" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இந்த 'ஆகட்டுங்க'வுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவள் எதிர்த்துப் பேசினால் பயமில்லை, பேசி ஜெயித்துவிடலாம். 'ஆகட்டுங்க' என்றால் வேறு ஏற்பாடு செய்துவிட்டாள் என்று பொருள். அன்று அது என் புத்திக்கு எட்டவில்லை. மலையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

ஏறினோம். மிளகு மூட்டையும் வாழைத்தாரும் சுமந்து எதிரே இறங்கி வந்தவர்கள் ஓட்டமாக வந்தார்கள். நான் வெறும் சொம்பைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்தேன். உட்காரும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாகத்தான் இருக்கும். மலை ஏறுகிறவன் நெற்றி சூடாகாமல் ஐஸ் போலவா இருக்கும்? அந்தக் கேள்வி கீழே இறங்கிய பிறகுதான் தோன்றியது.

மேலே சேர்ந்தபோது சந்தை நன்றாகக் கூடியிருந்தது. நல்ல வெயில். குளிர்ந்த காற்று. பலா மரங்களின் நிழலில் சாமையும் தினையும் குவிந்து கிடந்தன. சுரைக்குடுக்கையில் தேன். மலை வாழைப்பழ வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. என் மனைவிக்குச் சட்டென்று பத்து வயது குறைந்துவிட்டது. இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக மூங்கில் சாமான் விற்கிறவரிடம் போய் நின்றாள்.

அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மலைக்காரர். ஒல்லியான உடம்பு. மடியில் ஒரு வெட்டுக்கத்தி, பக்கத்தில் சீவிய மூங்கில் பட்டைகள். சுற்றிலும் முறம், கூடை, சல்லடை, மத்து, அகப்பை, சீப்பு. பின்னிக்கொண்டே வியாபாரம், வியாபாரம் செய்துகொண்டே பின்னல். ஒரு வேலை இன்னொரு வேலைக்குக் குறுக்கே வரவில்லை.

அவள் ஒரு முறத்தை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். சுண்டினாள். வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பக்கத்துக் குவியலில் இருந்து ஒரு கை சாமையைக் கேட்டு வாங்கிப் போட்டுப் புடைத்தாள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் வீட்டார் அவளை இவ்வளவு சோதிக்கவில்லை.

"இது ஓரம் கட்டுனது சரியில்லீங்களே" என்றாள்.

"அது சரியில்லாம போனா என்ற கைய வெட்டிப்புடுங்க சாமி" என்றார் அவர், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கைய வெட்டிக் கொண்டு போயி நான் என்னத்தப் பொடைக்கறதுங்க? வேற மொறம் காட்டுங்க."

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு பின்னால் கவிழ்த்து வைத்திருந்த முறங்களை எடுத்துப் போட்டார். நல்லதை ஒளித்து வைத்திருந்தாராம். கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் எடுப்பாராம்.

பொழுதுபோக்காக நான் ஒரு சீப்பை எடுத்துப் பார்த்தேன். மூங்கிலில் சீவிய மெல்லிய பற்கள், மேலே கொடி போல ஒரு செதுக்கல். அழகான வேலை.

"இது எப்படிங்க?" என்று கேட்டேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். "உங்களுக்குங்களா? வெள்ளாமை இல்லாத காட்டுக்குக் களைக்கொத்து எதுக்குங்க?"

என் மனைவி முறத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஊரில் எல்லாரையும் கேலி செய்கிறவன் நான். மலையேறி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதில் யோசிப்பதற்காக டீக்கடையைத் தேடிப் போனேன். இன்றுவரை கிடைக்கவில்லை, பதில்.

கடை என்று சொன்னதும் அதன் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டார். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரொம்ப நாள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பருத்த உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை.

"கடையின்னு சொல்லாதீங்க. ரூமு. அங்க தொரை ஊட்டுல டீ குடிக்கறதுக்குன்னே தனியா ஒரு ரூமு இருக்குமுங்க. அதே மாதிரி இது."

நான்கு மூங்கில் கால், மேலே புல் கூரை, மூன்று பக்கம் தட்டி. உள்ளே ஒரு பலகை. துரை வீட்டில் இல்லாத ஆட்டுக்குட்டி ஒன்று பலகைக்குக் கீழே படுத்திருந்தது. ரூமில் உட்கார்ந்தேன்.

நான் அதுவரை டீ குடித்ததில்லை. கீழே டீக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து ஓசியில் டீ ஊற்றிக் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஓசியில் கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நான் கிட்டவே போகவில்லை. இங்கே தண்ணீர் குடிக்க பயம், சொம்பும் ஏறி வரும்போதே காலி. நன்றாகக் கொதித்த டீயில் காய்ச்சல் பிழைத்திருக்காது என்று கணக்குப் போட்டேன்.

"நல்லாக் கொதிக்க வையுங்க" என்றேன்.

"எத்தன நேரம்?"

"காய்ச்சல் சாவற மட்டும்."

அவர் கொதிக்க வைத்தார். பொங்கிப் பொங்கித் தாரைப் போல் கறுத்தது. மிளகைத் தட்டிப் போட்டார், நாட்டுச்சர்க்கரையை அள்ளிப் போட்டார். பால் கிடையாது. முதல் வாயில் நாக்கு வெந்தது. இரண்டாவது வாயில் காது சூடானது. ஆனால் மூன்றாவது வாயில் உலகம் அழகாகிவிட்டது. தேன் பிசைந்த தினைமாவு உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டு, காலை நீட்டி, லீவு நாள் என்பது இதுதான் என்று நினைத்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டேன். அதையும் குடித்துவிட்டு இன்னொன்று.

அதற்கப்புறம்தான் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

அடித்துக்கொண்டது என்றால் சாதாரணமாக அல்ல. வெளியே யாரோ பறை தட்டுவது போல. கை லேசாக நடுங்கியது. நெற்றியிலும் முதுகிலும் வேர்வை. நடுக்கம், வேர்வை, சூடு. காய்ச்சலுக்கு என்னென்ன அடையாளம் சொல்வார்களோ அத்தனையும் வரிசை கட்டி வந்து நின்றன. நடுவில் தூரத்தில் எங்கோ 'கடகட'வென்று ஒரு சத்தம். அதையும் என் நெஞ்சுதான் என்று எண்ணிக்கொண்டேன். இந்த உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் போட இடமிருக்கிறதே என்று அந்த நிலைமையிலும் ஆச்சரியம்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்தாள். அவளோடு மூங்கில்காரர். கையில் நீளமான பச்சை மூங்கில் பட்டை.

"சித்த எந்திரிச்சு நில்லுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கம்முனு நில்லுங்க, சொல்றேன்."

நின்றேன். அவர் என் பின்னால் வந்து, பட்டையை உச்சந்தலையில் வைத்துக் குதிகால் வரை நீட்டிப் பிடித்தார். நகத்தால் ஒரு அடையாளம் போட்டார். பிறகு தோளுக்குத் தோள் குறுக்கே வைத்து இன்னொரு அடையாளம். சடக்கென்று பட்டையை அடையாளத்தில் ஒடித்தார். அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் கேட்டது.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவனைத் தலைமுதல் கால்வரை ஒரே அளவாக அளக்கமாட்டார்கள். தையல்காரன்கூட மார்பு தனி, இடுப்பு தனி, கை தனி என்று துண்டு துண்டாகத்தான் அளப்பான். முழு ஆளுக்கு ஒரே கழியில் அளவெடுப்பது ஒரே ஒரு தடவைதான், அதை அவன் பார்க்க மாட்டான். விளையாட்டுக்குக் குச்சியை வைத்து உயரம் பார்க்கிற பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பெண்கள் ஓடி வந்து அடிப்பார்கள். அதிலும் பச்சை மூங்கில்!

வெளியே போகும்போது அவர் என் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "பொழுது உழறதுக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க. அதுக்கு மேல தாங்காது."

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒரு கவலை.

ஆகக் கதை இதுதான். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எனக்குத் தெரியும் முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பேருக்கு வந்து பார்த்திருப்பார்கள்! கண்ணைப் பார்த்தே நாள் சொல்லிவிடுவார்கள். இறந்தவனைக் கீழே கொண்டு போக வேண்டும், மலைப்பாதை, இருட்டுவதற்கு முன்னால். முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்கள். நியாயமாகவே பட்டது. எதிலும் திட்டத்தோடு நடக்கிறவள் என் மனைவி.

அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அம்மிணி, பெட்டிச் சாவி அரிசிப் பானைக்கு அடியில இருக்குது."

"தெரியுமுங்க" என்றாள். கண் வெளியே வானத்தில் இருந்தது.

தெரியுமாம்! பதினாறு இடம் மாற்றி ஒளித்தவன் நான்.

"அந்தக் கிடாரிக் கன்னை மட்டும் வித்துப்புடாத."

"வித்தா ரெண்டு பெரிய கூடையும் ஒரு குதிரும் வாங்கலாமுங்க" என்றாள் யோசனையாக.

"நான் எப்பவாச்சும் உன்னைய வஞ்சிருந்தா மனசுல வெச்சுக்காத."

"வஞ்சீங்களா? எப்பங்க? என்ற காதுல உழுகலீங்களே."

இத்தனை வருஷம் நான் போட்ட சத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு கணம் துக்கமாக இருந்தது. ஆனாலும் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் எழுந்தாள்.

"இருங்க, அந்தச் சல்லடையப் பேசி முடிச்சுப்போட்டு வாரேன். இங்கயே இருங்க. வெளிய வராதீங்க. தட்டிப் பக்கமாத் திரும்பி உக்காருங்க, கண்ணு கூசும்."

சாகப் போகிறவனுக்குக் கண் கூசக் கூடாது என்று அக்கறை. தட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தட்டியில் ஒரு பொத்தல். அதன் வழியாகத்தான் பார்த்தேன்.

பலா மரத்தடியில் மூங்கில்காரர் இரண்டு நீளக் கழிகளைப் பக்கம் பக்கமாகத் தரையில் போட்டிருந்தார். குறுக்கே சின்னச் சின்னப் பட்டைகளை வைத்து நாரால் கட்டிக்கொண்டு வந்தார். நான் நாலு பேருக்குத் தோள் கொடுத்தவன். அது என்னவென்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் ஒரு கட்டு அகல இலைகளைக் கொண்டு வந்து போட்டார். அலங்காரமும் உண்டு போலிருக்கிறது.

டீக்காரர் என் கிளாஸை எடுக்க வந்தார்.

"இன்னொண்ணு ஊத்தட்டுங்களா?"

"இனி எதுக்குங்க?" என்றேன்.

"நெஞ்சு படபடன்னு இருக்குதுங்களா?"

இவருக்கும் தெரிந்திருக்கிறது! "ஆமாங்க" என்றேன், ஈனக் குரலில்.

"இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மனுஷன் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முதல் தடவையாக மூன்று கிளாஸ் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் குதிரைக்குக்கூட நெஞ்சு படபடக்கும் என்று பின்னொரு சந்தை நாளில்தான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டு.

மூங்கில்காரர் மறுபடியும் வந்தார். அளவுப் பட்டை எங்கோ மிதிபட்டு உடைந்துவிட்டதாம், இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. பாடை என் அளவுக்குத்தானே கட்டுகிறார்கள்? நான் அந்த அளவில் இல்லாவிட்டால்? ஆளுக்குப் பொருந்தாத பாடையில் எப்படிப் போக முடியும்? வேட்டிக்குள் முழங்காலை மெல்ல மடக்கினேன். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவர் அளந்தார். தலையைச் சொறிந்தார். இன்னொரு தடவை அளந்தார். வெளியே பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு மொதல்ல நெட்டையா இருந்தாரு, இப்பக் குட்டையாப் போயிட்டாருங்க!"

"அவரு அப்படித்தானுங்க" என்றாள் என் மனைவி, சல்லடையிலிருந்து திரும்பாமல். "பயந்தா சுருங்கிப் போவாரு. நீங்க இருக்கறதக் கட்டுங்க."

அவர் போனார். நான் ஜெயித்தேன். ஜெயித்தவன் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. காய்ச்சலானாலும் சாவானாலும் கீழே போய், என் வீட்டில், என் கயிற்றுக் கட்டிலில் வைத்துக்கொள்ளலாம். தட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சந்து. வயிற்றை உள்ளிழுத்துப் புகுந்தேன். நானும் ஒரு பக்கத் தட்டியும் வெளியே வந்தோம்.

ஓடினேன். இறங்கும் பாதை எதுவென்று தெரியும், அந்த மட்டில் நல்லது. ஏறும்போது ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்த கால் இப்போது ஒவ்வொரு பாறையாகத் தாவியது. வானம் இருண்டிருந்தது. என் கண்தான் இருட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொண்டேன். மறுபடியும் அந்தக் 'கடகட' சத்தம். பின்னால் என் மனைவியின் குரல்.

"நில்லுங்க! ஏனுங்க, நில்லுங்கன்னா! எங்க போறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பாடை எழுந்து நின்றிருந்தது. எழுந்து நின்றது மட்டுமில்லை. அதற்கு இரண்டு கால் முளைத்திருந்தது. இலையும் நாரும் படபடக்க, குனிந்த தலையோடு, சரிவில் என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. பின்னால் இடுப்பில் கூடையும் கையில் முறங்களுமாக என் மனைவி. ஆளைத் தேடிப் பாடை ஓடி வந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்த கற்பூரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பாடை என் எதிரே வந்து மூச்சு வாங்கியது.

"என்னுங்க, அளவு குடுத்துப்போட்டு ஓடறீங்க?" என்றது.

கண்ணைத் திறந்தேன். இலைகளுக்கு அடியிலிருந்து மூங்கில்காரரின் முகம். அவர் அதைத் தலையில் மாட்டியிருந்தார். மேல் முனை வளைந்து தலைக்குக் குல்லாய் போல உட்கார்ந்திருந்தது. முதுகு முழுக்க மூங்கில் பின்னலும், அதற்குள் அடுக்கிய இலையும் குதிகால் வரை தொங்கின. நாரைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் காலியாக இருக்கும். மழைக்கூடு. மலையில் நாற்று நடுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் முதுகில் போட்டுக்கொள்வது. நீளம் கூடினால் சரிவில் தரை தட்டும்; குறைந்தால் கால் நனையும். அதனால் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தான் கட்டுவார்களாம். ஒருவருடையதை இன்னொருவர் போடுவதில்லையாம்.

முதல் சொட்டு என் மொட்டைத் தலையில் விழுந்தது.

"மழை!" என்று அலறினேன். வாயிலிருந்து கற்பூரம் வெளியே விழுந்தது.

"மழதானுங்க" என்றாள் என் மனைவி. "மத்தியானமே மேக்கால கருத்துப்போச்சு. உங்ககிட்டச் சொல்லியிருந்தா அந்த நிமிசமே எறங்கோணும்பீங்க. அஞ்சு மொறம் பாக்கி இருந்துச்சு. என்ன பண்றதுங்க?"

"பொழுதுக்குள்ள முடிக்கோணும், தாங்காதுன்னு இவரு சொன்னாரே?"

"வானம் தாங்காதுன்னேனுங்க" என்றார் அவர். "வேற என்னத்தச் சொன்னேன்? நீங்க என்ன நெனச்சீங்க?"

என்ன நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஓடி வந்த களைப்பையும் மறந்து அவர் பாதை ஓரத்தில் குந்திச் சிரித்தார். கூட்டுக்குள்ளிருந்து சிரித்ததால் இலைகளும் சேர்ந்து குலுங்கின. என் மனைவி சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அட சாமி" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத்தான் முழங்கால மடக்குனீங்களா?"

கூட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். தோளில் கட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். கீழே ஒரு சாண் குறைச்சல்.

"நான் அளந்தது சரிதானுங்க" என்றார். "இனி இவரு மடக்கியே நடக்கோணும்."

நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோயிருந்தேன். என் பயத்தைக் கேலி செய்யாமல், மலை மழை என் மேல் படக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறாளே என்று அவளைப் பார்த்தேன். ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் பின்னால் வந்து, கூட்டைத் தூக்கி, முறங்களை ஒவ்வொன்றாக என் முதுகுக்கும் பின்னலுக்கும் நடுவில் செருக ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன பண்றே?"

"பச்ச மொறமுங்க. காயறதுக்கு முன்னால நனைஞ்சா கருத்துப் போயிரும். அதுக்குத்தானே தோளகலத்த ரெண்டு சாண் கூட்டிக் கட்டச் சொன்னேன். அசையாம நில்லுங்க, சல்லடை ஒடிஞ்சிரும்."

"அப்ப இது எனக்கு இல்லையா?"

"உங்களுக்குந்தானுங்க" என்றாள். "நீங்க இல்லாட்டி இத யாரு தூக்கறது?"

மூங்கில்காரர் அந்தச் சீப்பை மடியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். விலை வேண்டாம் என்றார். இன்றைக்குச் சிரித்ததற்கு என்றார். அதையும் அவள் என் கழுத்துக்குப் பின்னால் செருகினாள். காலி கூடை ஒன்றைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள். அவர் மேலே சந்தைக்குத் திரும்பினார். சரிவு தாண்டும் வரை அவர் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

காளப்பநாயக்கன்பட்டி வரை மழை விடவில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே நனைந்தது. அவள் முழுக்க நனைந்தாள். இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரவில்லை. முறம் ஒன்றுகூட நனையவில்லை.